கனவை வரைய எதற்கு அமிலம்? சிம்பலிஸ்ட் ஓவியர்களும் செப்புத் தகடும்

கேள்வி இது: "19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த சிம்பலிஸ்ட் ஓவியர்கள் கனவு, மரணம், ஆசை, பயம் என்று கண்ணுக்குத் தெரியாதவற்றை வரையப் புறப்பட்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் எதற்காக உலோகத் தகடு, அமிலம், அச்சு இயந்திரம் என்று பட்டறை வேலைக்குள் இறங்கினார்கள்? எண்ணெய் வண்ணம் போதவில்லையா? எட்சிங் என்பது, அதாவது தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுப்பது, ஒரு ஓவியத்தை நிறையப் பேருக்கு விற்பதற்காக எடுக்கும் நகல்தானே?"

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றக் குழப்பங்களெல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. நகல் எடுக்கும் வேலைக்குத் தகடு பயன்பட்டது உண்மைதான். புகழ்பெற்ற ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கி, அச்செடுத்து விற்பதே ஐரோப்பாவில் நிறையச் செதுக்குக் கலைஞர்களின் பிழைப்பாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் புகைப்படம் வந்து அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டது. தகடு பிழைத்ததே அதனால்தான் என்று சொல்வேன். இன்னொருவர் படத்தைச் சுமக்கும் கடமை போனதும், ஓவியர்கள் நேரடியாகத் தகட்டிலேயே யோசிக்கத் தொடங்கினார்கள். 1862-இல் பாரிஸில் கடார் என்ற பதிப்பாளர் எட்சிங் கலைஞர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அதே ஆண்டு கவிஞர் போதலேர் எட்சிங்கைப் பற்றி எழுதும்போது, இது மிகவும் அந்தரங்கமான கலை, ஆகவே பெரிய கூட்டத்துக்குப் பிடித்துப்போக வாய்ப்பில்லை என்ற பொருளில் சொன்னார். அந்த அந்தரங்கம்தான் அடுத்த தலைமுறைக்குத் தேவைப்பட்டது.

என் பதில் சுருக்கமாக இதுதான். சிம்பலிஸ்ட்டுகள் தகட்டுக்குப் போனது, கித்தானில் நடக்காத சில காரியங்கள் அங்கே நடக்கும் என்பதால். என்னென்ன காரியங்கள் என்பதை ஒவ்வொரு ஓவியராகப் பார்த்தால்தான் விளங்கும். ஆனால் அதற்கு முன் தகட்டில் என்ன நடக்கிறது என்பது தெரிய வேண்டும்.

பளபளவென்று தேய்த்த செப்புத் தகட்டைச் சூடாக்கி, மெழுகும் பிசினும் தாரும் கலந்த பூச்சு ஒன்றை மெல்லியதாகத் தடவுவார்கள். தீபப் புகையில் காட்டி அதைக் கறுப்பாக்குவதும் உண்டு. அதன்மேல் ஊசியால் வரைய வேண்டும். செம்பைக் கீற வேண்டாம், பூச்சை விலக்கினால் போதும். அதனால் கைக்கு எதிர்ப்பே இருக்காது, பேனா பிடித்த மாதிரி ஓடும். ஊசி போன இடத்தில் செம்பு மின்னும். ஆக, வரையும்போது ஓவியர் பார்ப்பது கறுப்புப் பரப்பில் ஒளிரும் கோடுகளை, அதுவும் இடவலம் மாறி. தாளில் இறங்கும்போது இருட்டும் வெளிச்சமும் இடம் மாறிக்கொள்ளும், இடது வலதாகும்.

அப்புறம் தகடு அமிலத்துக்குள் போகும். நைட்ரிக் அமிலம் என்றால் கோடுகள் நெடுகக் குமிழிகள் எழும்பும். அவற்றை ஒரு இறகால் மெதுவாகத் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு ஒரே சீராக இருக்காது. கொஞ்ச நேரம் கழித்துத் தகட்டை எடுத்துக் கழுவி, மெல்லியதாகவே நிற்க வேண்டிய கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி அமிலத்தில் போடுவார்கள். இப்படிப் பல தடவை. தொலைவில் உள்ள மலை ஒரு நிமிடத்திலேயே வெளியே வந்துவிடும். முன்னால் நிற்கும் மரத்தின் நிழல் அரை மணி நேரம்கூடக் கிடக்கும். அதிக நேரம் கிடந்த கோடு ஆழமாகும், ஆழமான கோடு அதிக மை பிடிக்கும், அதனால் அதிகம் கறுக்கும். எட்சிங்கில் கறுப்பு என்பதை நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அச்செடுக்கும் நாளில் பூச்சைக் கழுவிவிட்டு, தகடு முழுக்க மையை அமுக்கித் தேய்த்து, விறைப்பான வலைத்துணியால் துடைத்தெடுப்பார்கள். கடைசியாக உள்ளங்கையால் ஒரு துடைப்பு. பள்ளத்தில் உள்ள மை மட்டும் மிஞ்சும். ஈரமாக்கிய தாளைத் தகட்டின்மேல் வைத்து, அதன்மேல் கம்பளம் போட்டு, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஓட்டினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். அதனால்தான் நல்ல எட்சிங்கில் கோடு தாளைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கிறது. தகட்டின் விளிம்பு நான்கு பக்கமும் தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும்.

இதோடு இரண்டு முறைகளைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அக்வாடின்ட்டில், பொடித்த பிசினைத் தகட்டின்மேல் கோலமாவு மாதிரி தூவிச் சூடுகாட்டுவார்கள். ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். அமிலம் துகள்களுக்கு இடையில் மட்டும் அரிக்கும். அச்சில் அது கோடில்லாத சாம்பல் பரப்பாக, மாலை நேரத்து மங்கலாக வரும். ஸ்பானிய ஓவியர் கோயா 1799-இல் வெளியிட்ட 80 தகடுகள் கொண்ட 'லாஸ் காப்ரிச்சோஸ்' தொடரில் இதைக்கொண்டு என்ன செய்தார் என்று சிம்பலிஸ்ட்டுகளுக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்று டிரைபாயின்ட். இதில் அமிலமே கிடையாது. கூரான ஊசியால் செம்பை நேரடியாகக் கீற வேண்டும். கீறலின் ஓரத்தில் உலோகம் பிசிறாக எழும்பி நிற்கும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெல்வெட் போன்ற ஒரு கசிவைக் கொடுக்கும். ஆனால் சில பத்துப் பிரதிகளுக்குள் உருளை அதை நசுக்கிவிடும்.

சரி, இப்போது ஆட்களுக்கு வருவோம்.

முன்னோடி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் சார்ல் மெரியோனைத்தான் சொல்வேன். 1821-இல் பிறந்தவர், கடற்படையில் இருந்தவர். வண்ணங்களைப் பிரித்தறிய முடியாத பார்வைக் குறை அவருக்கு இருந்தது. ஓவியராகும் எண்ணத்தை விட்டுவிட்டுக் கறுப்பு வெள்ளைக்கு வந்தார். 1850 முதல் 1854 வரை பழைய பாரிஸின் பாலங்களையும் கோபுரங்களையும் எட்சிங்காகச் செய்தார். முதல் பார்வைக்கு அவை கச்சிதமான கட்டடப் படங்கள். ஆனால் அவர் தகட்டை விடுவதாயில்லை. ஒரு பாலத்தின் படத்தில் முதலில் வானத்தில் ஒரு பலூன் மிதந்தது. பின்னாளில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கரிய பறவைக் கூட்டத்தைக் கொண்டுவந்தார். அதற்கும் பின்னால் பறவைகள் போய் மறுபடி பலூன்கள் வந்தன. 1865-இல் கடற்படை அமைச்சகக் கட்டடத்தை வரைந்தபோது, அதன் கூரைமேல் குதிரைகளும் மீன்வடிவ விலங்குகளும் வானத்திலிருந்து படையெடுத்து வருகின்றன. மனநோய் முற்றி, 1868-இல் ஷாராந்தோன் மனநல மருத்துவமனையில் இறந்தார். அவரை சிம்பலிஸ்ட் என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. ஆனால் ஒரே தகடு ஒரு மனத்தின் அடுத்தடுத்த நிலைகளைப் பதிவு செய்யும் என்று காட்டியவர் அவர். கித்தானில் முந்தைய படம் புதிய வண்ணத்தின் அடியில் மறைந்துவிடும். தகட்டில் ஒவ்வொரு நிலையிலும் ஒரு பிரதி எடுத்துவைத்தால், முந்தையதும் பிந்தையதும் சேர்ந்தே உயிரோடு இருக்கும்.

இனி மாக்ஸ் கிளிங்கர். இந்தக் கேள்விக்கு அவர் ஒருவரே முழுப் பதில் என்று நினைக்கிறேன். அதனால் அவரிடம் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

லைப்ஸிக்கில் 1857-இல் பிறந்தவர். 21 வயதில், 1878-இல், பெர்லினில் ஒரு வரைபடத் தொடரைக் காட்சிக்கு வைத்தார். 1881-இல் அதைப் பத்துத் தகடுகளாக எட்சிங்கும் அக்வாடின்ட்டும் கலந்து வெளியிட்டார். தலைப்பு 'ஒரு கையுறை'. கதை அற்பமானது. ரோலர் ஸ்கேட்டிங் அரங்கம் ஒன்றில் கூட்டம் நிற்கிறது. இரண்டாவது படத்தில் ஒரு பெண் சறுக்கிக்கொண்டே போகிறாள், அவள் கையுறை கீழே விழுந்திருக்கிறது. பின்னால் வரும் இளைஞன் அதை எடுக்கக் குனிகிறான், அவன் தொப்பி கழன்று விழுகிறது. இதுவரை எல்லாம் பகல் வெளிச்சம், நவநாகரிக உடை, துல்லியமான கோடு. யாரும் இதை ஒரு வார இதழ்ப் படம் என்று நினைத்துக் கடந்துவிடலாம்.

மூன்றாவது படத்தில் அவன் படுக்கையில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்திருக்கிறான். கையுறை போர்வைமேல் கிடக்கிறது. அறைக்குச் சுவர் எங்கே முடிகிறது, நிலக்காட்சி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு மரம் பூத்திருக்கிறது. அங்கிருந்து பெண் மறைந்துபோகிறாள், கையுறை மட்டும் தங்கிவிடுகிறது. புயல்கடலில் மூழ்கும் கையுறையைப் படகிலிருந்து கொக்கியால் மீட்கப் பார்க்கிறான். அடுத்ததில் கையுறை சிப்பித் தேரில் ஏறிக் கடல்குதிரைகளை ஓட்டிக்கொண்டு போகிறது. அப்புறம் அது பாறைமேல் வீற்றிருக்க, அலைகள் ரோஜாக்களைக் கொண்டுவந்து அதன் காலடியில் சேர்க்கின்றன. ஏழாவது படத்தில் அது ராட்சச அளவுக்கு வளர்ந்து, தூங்குபவனின் படுக்கையருகே எழும்புகிறது. கடல் அறைக்குள் வந்துவிட்டது, அதோடு விலங்குகளும்.

ஒன்பதாவது படம்தான் என்னை விடாதது. அகலவாக்கில் நீண்ட, உயரம் குறைந்த தகடு, அகலமே ஒரு அடிகூட வராது. சிறகுள்ள ஒரு விலங்கு, பல்லிக்கும் பறவைக்கும் நடுவில் ஏதோ ஒன்று, கையுறையை அலகில் கவ்விக்கொண்டு இரவுக்குள் பறந்துபோகிறது. கீழே பூத்த செடிகள். வலப்பக்கம் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு இரண்டு கைகள் மட்டும் வெளியே நீள்கின்றன. முகம் இல்லை, உடம்பு இல்லை. அந்தக் கைகளுக்கும் விலங்கின் வாலுக்கும் நடுவே உள்ள இருட்டை உற்றுப் பாருங்கள். அங்கே வரைவதற்கு எதுவும் இல்லை, அக்வாடின்ட்டின் சாம்பல் மட்டும் பரவியிருக்கிறது. அந்த வெறுமைதான் படத்தின் பொருள். எண்ணெய் வண்ணத்தில் இதைத் தீட்டியிருந்தால், வானம் என்ன நிறம், நிலவு எந்தப் பக்கம், ஜன்னல் சட்டத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தகடு அந்தக் கேள்விகளையே கேட்பதில்லை. பத்தாவது படத்தில் கையுறை மேசைமேல் பத்திரமாகக் கிடக்கிறது, பக்கத்தில் ஒரு சின்ன மன்மதன். தீர்வு கிடைத்ததா, எல்லாம் மனப்பிரமைதானா என்று கிளிங்கர் சொல்வதில்லை.

ஃப்ராய்டின் கனவு ஆய்வு நூல் 1899-இல்தான் வெளிவந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பத்துப் படங்களையும் பார்க்க வேண்டும். தொலைந்த ஒரு பொருள்மேல் ஆசை முழுவதும் போய் ஒட்டிக்கொள்வது, அளவுகள் மாறிப்போவது, கடல் படுக்கையறைக்குள் வருவது என்று கனவின் நடை முழுவதும் இங்கே இருபது ஆண்டுகள் முன்னதாகவே இருக்கிறது.

தான் ஏன் தகட்டில் செய்தோம் என்பதை கிளிங்கரே 1891-இல் 'ஓவியமும் வரைதலும்' என்ற நீண்ட கட்டுரையில் எழுதினார். அவர் வாதம் நேர்மையானது. வண்ண ஓவியம் உலகத்தின் உடலை, ஒளியை, இசைவைக் காட்டப் பிறந்தது. அதற்கு அழகின் கடமை உண்டு. வரைதலும் அச்சும் வேறு பிறவி. கோட்டுக்கும் வெற்றுத்தாளுக்கும் நடுவில் பார்ப்பவரின் கற்பனைக்கு இடம் விடப்படுகிறது. வண்ணம் தாங்காத அருவருப்பை, அச்சத்தை, கேலியை, தூய சிந்தனையை அது தாங்கும். ஒரு உருவத்தைச் சுற்றி எதையும் வரையாமல் விட்டுவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கம் புரட்டுகிற மாதிரி படங்களை அடுக்கலாம் என்பதும் அவருக்கு மிக முக்கியம். தன் தொடர்களுக்கு இசையமைப்பாளர்களைப் போல ஓபஸ் எண், அதாவது படைப்பு வரிசை எண், கொடுத்தார். 1894-இல் வந்த பன்னிரண்டாவது ஓபஸ், இசையமைப்பாளர் பிராம்ஸின் இசைக்கான படத் தொகுப்பு. பிராம்ஸ் தம் கடைசிக் காலத்தில் எழுதிய நான்கு தீவிரப் பாடல்களை 1896-இல் கிளிங்கருக்குக் காணிக்கையாக்கினார்.

மரணத்தைப் பற்றி கிளிங்கர் செய்த தொடரில் எலும்புக்கூடு ஒன்று ரயில் தண்டவாளத்தின் குறுக்கே படுத்துக் காத்திருக்கிறது. அரிவாள் தூக்கிய பழைய எமனுக்கு வேலை இல்லை. ஊருக்கு ஊர் புதிதாகப் போட்ட தண்டவாளத்தில் அது சாவகாசமாகக் கிடக்கிறது. இன்னொன்றில் இறந்துபோன இளம் தாய் நீட்டிப் படுத்திருக்க, கைக்குழந்தை அவள் நெஞ்சின்மேல் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு நேராக நம்மைப் பார்க்கிறது. அந்தப் பார்வையிலிருந்து தப்ப வழியில்லை. இதே ஆள் பின்னாளில் பிரம்மாண்டமான எண்ணெய் ஓவியங்களையும் தீட்டினார். ஒலிம்பஸ் மலைக்கு ஏசு வருவதாக 1897-இல் தீட்டிய படம் அவற்றில் பிரபலம். எனக்கு அவை கனத்துத் தெரிகின்றன. அரங்க அலங்காரம் மாதிரி எல்லாமே முழுமையாக இருக்கின்றன, நமக்கு அங்கே வேலை இல்லை. அவருடைய கட்டுரைக்கு அவருடைய ஓவியங்களே சாட்சி.

சிம்பலிஸ்ட் அச்சுக்கலை என்றதும் பலர் முதலில் சொல்லும் பெயர் ஓடிலோன் ரெதோன். இங்கே ஒரு திருத்தம் தேவை. அவருடைய புகழ்பெற்ற கறுப்புப் படங்களில் பெரும்பாலானவை எட்சிங் அல்ல, லித்தோகிராஃப்கள், அதாவது கல்லிலிருந்து எடுக்கும் அச்சுகள். ஆனால் தொடங்கியது எட்சிங்கில்தான். போர்தோவில் 1840-இல் பிறந்தவர், இருபதுகளில் அதே ஊரில் தங்கியிருந்த ரொடோல்ஃப் பிரெஸ்டான் என்ற வறிய மேதையிடம் எட்சிங் கற்றார். பிரெஸ்டான் யாருக்கும் அடங்காத ஆள். மரக்கிளை, இலை, மேகம், எலும்பு என்று ஒரு விரற்கடை இடம்கூட விடாமல் நுண்கோடுகளால் நிரப்புவார். அவரது 1861-ஆம் ஆண்டு 'நல்ல சமாரியன்' படத்தில் அடிபட்டவனையும் உதவுபவனையும் அந்தக் காட்டுக்குள் கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும். ரெதோன் 1865-இல் செய்த எட்சிங் ஒன்றில் 'பிரெஸ்டானின் மாணவன்' என்று பெருமையோடு எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்.

அப்புறம் ஏன் எட்சிங்கை விட்டார்? அவர் கைக்கு இயல்பானது கரித்துண்டு. கரியின் மேகம் போன்ற கறுப்பு ஊசிக் கோட்டில் வராது. 1870-களின் முடிவில் ஓவியர் ஃபாந்தான்-லத்தூர் அவருக்கு ஒரு வழி காட்டினார். கொழுப்புக் கலந்த பென்சிலால் தனிவகைத் தாளில் வரைந்து, அதைக் கல்லுக்கு மாற்றி அச்செடுக்கலாம். கல் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும், ஈரமாக்கினால் கொழுப்புள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். 1879-இல் முதல் தொகுப்பு 'கனவில்' வந்தது. எடுத்தது 25 பிரதிகள்தான். 1882-இல் எழுத்தாளர் எட்கர் ஆலன் போவுக்குக் காணிக்கையாக ஒரு தொகுப்பு, 1885-இல் கோயாவுக்கு ஒன்று. போவுக்கான தொகுப்பின் முதல் படம் பலருக்குத் தெரிந்தது. ஒரு பெரிய கண், இமை மயிரோடு, பலூனாக வானில் எழுகிறது. கூடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டு, அதில் பாதித் தலை. கீழே சதுப்பு நிலத்துத் தண்ணீரும் புல்லும். கண் கீழே பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டே போகிறது. கறுப்பை மதிக்க வேண்டும், அதை எதுவும் மலினப்படுத்திவிட முடியாது என்று ரெதோன் எழுதினார். 1890-களில் அவரே வண்ணத்துக்குப் போய்விட்டார், பாஸ்டலில் அற்புதமான பூக்களை வரைந்தார். ஆனாலும் அந்தக் கறுப்புக் காலத்துப் படங்கள் மனத்தில் தங்குவதுபோல் அவை எனக்குத் தங்கவில்லை.

பெல்ஜியத்தின் ஃபெலிசியான் ரோப்ஸை (1833-1898) சுருக்கமாகவே சொல்கிறேன். சாத்தான், எலும்புக்கூடு, நிர்வாணப் பெண் என்று திரும்பத் திரும்ப வருவது எனக்கு ஒரு கட்டத்தில் சலித்துவிடுகிறது. பெண்ணைப் பாவத்தின் வாசலாகவே பார்க்கும் அந்தக் காலத்துப் பார்வையும் அதில் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. ஆனால் தொழில்நுட்பத்தில் அவர் பெரிய ஆள். தகட்டின் பூச்சில் கொழுப்பைச் சேர்த்து மிருதுவாக்கி, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் வரைந்தால், தாளை எடுக்கும்போது அழுத்திய இடத்துப் பூச்சும் ஒட்டிக்கொண்டு வரும். அமிலம் அரித்ததும் பென்சில் கோட்டின் சொரசொரப்பு அப்படியே உலோகத்தில் இருக்கும். பழைய முறைதான், அதை ஆசையோடு மீட்டெடுத்தவர் ரோப்ஸ். லியேஜ் நகரத்து ஆர்மான் ராசன்ஃபோஸோடு சேர்ந்து புதிய பூச்சு ஒன்றையே உருவாக்கி, இருவர் பெயரையும் ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார்.

ஜேம்ஸ் என்சோர் இன்னொரு பெல்ஜியக்காரர், ஓஸ்டெண்ட் கடற்கரை நகரத்தில் 1860-இல் பிறந்து அங்கேயே 1949-இல் இறந்தவர். 1886-இல் எட்சிங்குக்கு வந்தார். காரணத்தைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஓவியம் அழியக்கூடியது என்ற பயம். தான் பிழைத்திருக்க வேண்டும், உறுதியான செப்புத் தகடும் மாறாத மையும் அதற்கு உதவும் என்று நம்பினார். சாவுக்குப் பயந்து தகட்டைத் தேடி வந்தவர் அந்தத் தகட்டில் செய்ததைப் பாருங்கள். 1889-இல் உள்ளங்கை அளவுள்ள ஒரு சின்னத் தகட்டில், ஒரு புகைப்படத்தை வைத்துத் தன் உருவத்தை வரைந்தார். முதலில் எடுத்த பிரதியில் சாதாரண இளைஞன் நிற்கிறான். பிறகு அதே தகட்டில் முகத்தை மட்டும் திருத்தி மண்டையோடாக்கினார். கோட்டு அப்படியே இருக்கிறது, நிற்கும் தோரணை மாறவில்லை. இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு மனிதன் நின்ற நிலையிலேயே செத்துப்போவதைப் பார்க்கிறோம். மெரியோனின் பலூனும் பறவையும் காட்டிய வழி இங்கே எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். எண்ணெய் ஓவியத்தில் இதைச் செய்ய முடியாது. செய்தால் முதல் முகம் போய்விடும்.

அதே என்சோரின் 1886-ஆம் ஆண்டு 'பேராலயம்' படத்தில், கீழே முகமூடியும் தொப்பியுமாகத் தலைகள் தலைகள் தலைகள். மேலே கல்லாலான பேராலயம் நடுங்கும் கோடுகளில் எழுந்து நிற்கிறது. கல் கரைவது போலவும் கூட்டம் கல்லாவது போலவும் இருக்கும். அழியாதது என்று அவர் நம்பிய தகடு கெட்டுப்போய், 1896-இல் அதே படத்தை இன்னொரு தகட்டில் மறுபடி செய்ய வேண்டிவந்தது.

நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் பெர்லினில் 1894-இல்தான் அச்சுக்கு வந்தார். தொடங்கியது டிரைபாயின்ட். அக்கா சோஃபி 1877-இல் காசநோயில் இறந்தது அவர் வாழ்நாள் முழுவதும் ஆறாத காயம். அதை 1885-86-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியபோது, வண்ணத்தைப் பூசுவதும் சுரண்டுவதுமாக மாதக்கணக்கில் போராடினார். 1894-இல் அதையே செம்பில் ஊசியால் கீறினார். கித்தானில் சுரண்டியதன் தொடர்ச்சி போலவே இருக்கிறது அது. படத்துக்குக் கீழே, விளிம்புப் பகுதியில், தொடர்பில்லாதது போல ஒரு சின்ன நிலக்காட்சியும் கீறப்பட்டிருக்கிறது. நோயாளிச் சிறுமி இனி பார்க்கப் போகாத வெளியுலகம் என்றே நான் அதைப் படிக்கிறேன். 1896-இல் பாரிஸில் ஓகுஸ்த் க்ளோ என்ற அச்சுக் கலைஞரின் பட்டறையில் அந்தச் சிறுமியின் தலையை மட்டும் லித்தோகிராஃபாகச் செய்து, சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று பல வண்ணச் சேர்க்கைகளில் எடுத்தார். கற்கள் வரிசையாக இருக்க, முங்க் கண்ணை மூடிக்கொண்டு விரலைக் காற்றில் ஆட்டி நிறங்களைச் சொன்னதாக, அங்கே இருந்த இன்னொரு ஓவியர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரே துயரத்துக்கு அத்தனை நிறங்கள். ஒவ்வொரு பிரதியும் வேறு காய்ச்சல்.

இவர்களுக்குப் பிறகு அந்தத் தீ எங்கே போனது என்றும் ஒரு வார்த்தை. கேத்தே கோல்விட்ஸ் ஓவியராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தவர். கிளிங்கரின் தொடர்களும் அந்த 1891 கட்டுரையும் அவரை அச்சுக்குத் திருப்பின. 1893 முதல் 1897 வரை அவர் செய்த நெசவாளர் தொடரில் மூன்று லித்தோகிராஃப், மூன்று எட்சிங். தொடக்கத்தில் எட்சிங் கைக்கு வசப்படவில்லை, அதனால்தான் கல்லுக்குப் போனதாக அவரே எழுதியிருக்கிறார். கிளிங்கர் கனவுக்குப் பயன்படுத்திய கறுப்பை அவர் பசிக்குப் பயன்படுத்தினார். இன்னொரு பக்கம் ஆல்ஃபிரட் கூபின், மியூனிக்கில் 'ஒரு கையுறை' தொடரைப் பார்த்துத் தலைசுற்றிப்போய், தன் கொடுங்கனவுகளை வரையத் தொடங்கினார்.

பார்க்க விரும்பினால்: கிளிங்கருக்கு லைப்ஸிக் அருங்காட்சியகம், முங்க்குக்கு ஆஸ்லோவில் அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகம், ரோப்ஸுக்கு நாமூர், ரெதோனுக்குச் சிகாகோ கலைக்கூடம். பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் தங்கள் அச்சுப் படங்களை நல்ல தெளிவில் இணையத்தில் வைத்திருக்கின்றன. திரையில் பார்க்கும்போது முழுப் படத்தோடு நிறுத்தாமல், ஒரு மூலையைப் பெரிதாக்கிக் கோட்டின் விளிம்பைப் பாருங்கள். அமிலம் அரித்த கோடு முனையில் மழுங்கி முடியும். டிரைபாயின்ட் கோட்டின் ஒரு பக்கம் புகை போலக் கசிந்திருக்கும். படத்தின் விவரத்தில் எத்தனையாவது நிலை, எந்த ஆண்டுப் பதிப்பு என்று போட்டிருப்பார்கள். அதைக் கட்டாயம் படியுங்கள். தகடு தேயாமலிருக்க மின்முலாம் முறையில் இரும்புப் படலம் ஏற்றி நிறையப் பிரதி எடுக்கும் வழக்கம் அப்போது பரவியிருந்தது. 'ஒரு கையுறை' தொடரே பல பதிப்புகள் கண்டது. முற்பிரதியையும் பிற்காலப் பிரதியையும் ஒப்பிடக் கிடைத்தால், ஒன்பதாவது படத்தின் அந்த இருட்டை முதலில் பாருங்கள். அக்வாடின்ட் தேய்ந்தால் முதலில் வெளுப்பது அதுதான்.